சேம்பர் தேய்த்த ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்குப் புளியமரத்தடியில் அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், நான் இருந்தேன். மெக்கானிக் அண்ணன் மட்டும் இல்லை. மாமியார் இறந்துவிட்டதாகச் சேதி வந்து, அவர் வானூர்ப் பக்கம் குடும்பத்தோடு போயிருந்தார். புதன்கிழமை ராத்திரிக்குத்தான் திண்டிவனம் திரும்புவேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். எங்களுக்குப் புதன்கிழமை மத்தியானமே கார் வேண்டியிருந்தது.

இதை என்னோடு ஹாஸ்டலில் படித்தவர்களுக்காக எழுதுகிறேன். நம் வீடுகளில் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் நாம்தான். அதனால் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னால் நாம் எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றையேதான் எழுதுகிறோம். பட்டினி கிடந்தார், படிக்கவைத்தார். என் அப்பாவும் அதெல்லாம் செய்தார். அவர் செய்த இன்னொரு காரியமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், நான் ஆறாவது படித்த வருஷம், அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பழைய கறுப்புக் கார் வாங்கி வந்தார்கள். அதுவரைக்கும் அப்பா அடுத்தவர் லாரியில் டிரைவர், சித்தப்பா அதே லாரியில் கிளீனர். எங்கள் காலனித் தெருவுக்குள் சொந்தமாக வந்து நின்ற முதல் கார் அதுதான். சீட்டு ரெக்சின் கிழிந்து உள்ளேயிருந்து நார் எட்டிப்பார்க்கும். வெயிலில் நின்றுவிட்டால் கதவைத் திறந்ததும் ரப்பரும் பெட்ரோலும் வாடிய மல்லிகையும் சேர்ந்த ஒரு வாசனை முகத்தில் அடிக்கும். ஸ்டியரிங் நடுவில் சிவப்புக் கண்ணாடிபோல ஒரு பொத்தான். அதை அழுத்தினால்தான் ஹாரன். தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கு ஒரு தடவை அழுத்த அப்பா விடுவார். உங்களில் யாராவது அந்தச் சந்தோஷத்தை அனுபவித்திருந்தால் நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

காரில் ஒரு குறை இருந்தது. நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்குகிற தகரத் தொட்டியைச் சேம்பர் என்பார்கள். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு அட்டை வைத்து இறுக்கியிருக்கும். அதற்குப் பெயர் பேக்கிங். எங்கள் காரில் அந்த இடம்தான் கசிந்தது. அம்மா காலையில் வாசலில் கோலம் போடப் போனால் முதலில் அந்தக் கறுப்பை மண்ணோடு வழித்து எறிய வேண்டியிருக்கும்.

டாக்சி ஸ்டாண்டில் இதை வைத்து ஒரே கேலி.

"யோவ், ஒன் வண்டிக்கு ஒரு ஜட்டி தெச்சிப் போடுய்யா. ஊரெல்லாம் நனைச்சிக்கினு போவுது."

"இங்க நிக்க வெக்காத. எவனாச்சும் வழுக்கி வுழுந்தா ஆஸ்பத்திரிக்கு யாரு இட்டும்போறது?"

"அதுக்குத்தாண்டா நிக்க வெச்சிருக்கேன்" என்பார் அப்பா. "வுழறவன் எனக்குத்தானே சவாரி." சிரிப்பு அடங்கும். வாய்ப்பேச்சில் அப்பாவை ஜெயிக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் காருக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். மல்லாட்டை மண்டி முதலாளி ஒருநாள் குடும்பத்தோடு மயிலம் கோயிலுக்குப் போக எங்கள் காரை எடுத்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் முன்சீட்டில் ஒட்டிக்கொண்டேன். கிளம்புவதற்கு முன்னால் கார் அவர் மண்டி வாசலில் நின்றது. அப்போதுதான் புதிதாகச் சிமெண்டு போட்டு, மழமழவென்று தேய்த்து, யாரையும் செருப்போடு ஏற விடாமல் வைத்திருந்த வாசல். திரும்பி வந்து பார்த்தால் நடுவில் தட்டு அகலத்துக்குக் கறுப்பு.

"இன்னா டிரைவரு, எம் வாசல்ல ஒன் காரு வாந்தி எடுத்து வெச்சிருக்குது?"

"தொடச்சிடறேன் மொதலாளி."

கணக்குப்பிள்ளை சலவைச் சோடாவும் ஒரு கிழிந்த சாக்கும் கொண்டுவந்து போட்டார். அப்பா காக்கிப் பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு மண்டியிட்டுத் தேய்த்தார். மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானும் காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவின் முதுகு முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. கறை வெளுத்தது, ஆனால் போகவில்லை.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வர்ற மாசம் பொண்ணு கல்யாணம். விழுப்புரத்துலேர்ந்து மாப்பிள்ளைய அழைச்சிக்கினு வர ஒன் காரத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். பெரிய காரு, பாக்க நல்லா இருக்குது. இப்பிடி ஒழுகினா எப்பிடிய்யா?"

"நிறுத்திடறேன் மொதலாளி."

"நிறுத்திட்டு, இதே எடத்துல கொணாந்து நிக்க வெச்சிக் காட்டு. அப்பறம் பேசலாம்."

அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை. கல்யாண சவாரிகூட இரண்டாம்பட்சம். மண்டியிட்ட அதே இடத்தில் காரை நிறுத்திக் காட்டிவிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மெக்கானிக் அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை பேக்கிங் மாற்றியிருந்தார். அவருடைய தகரக் கொட்டகை எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். மண்டி முதலாளியின் லாரியை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அடுப்பு எரிவதே அந்த லாரியால்தான் என்று அவரே சொல்லுவார். அப்பா மூன்றாம் முறையாகப் போய் நின்றபோது அவர் சேம்பர் ஓரத்தை விரலால் தடவிவிட்டு, "அண்ணே, பேக்கிங் மேல பேக்கிங் வெச்சா நிக்குமா?" என்றார். "ரெண்டு தடவையும் நீங்க ஜல்தி ஜல்தின்னீங்க, நானும் மேலாப்ல ஒட்டிக் குடுத்துட்டேன். பழசு கருகிப்போயி அப்பளம் மாதிரி ஒட்டிக்கினு இருக்குது. அத்த பூரா எடுத்தாத்தான் புதுசு பிடிக்கும். சேம்பர எறக்கி, பிளேடு வெச்சிப் பொறுமையா சொரண்டணும். சொரண்டறது எஞ்சினுக்குள்ள போவக்கூடாது. ரெண்டு நாளு வண்டிய எங்கிட்ட வுட்டுடுங்க."

சரி என்று பேசி முடித்துவிட்டு வந்தோம். கல்யாணத்துக்கு முந்தின அந்த வாரம்தான் அவருக்கு வானூரிலிருந்து சேதி வந்தது.

"அவன் வர்ற வரிக்கும் குந்திக்கினு இருந்தா கல்யாணமே முடிஞ்சிடும்" என்றார் சித்தப்பா. "எத்தினி சேம்பர் எறக்கியிருப்பேன் லாரியில. வா, நாமளே பாத்துக்கலாம்."

சித்தப்பா சொன்னது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைப் புளியமரத்தடியில் நிறுத்தி, சேம்பரை ஒழுங்காகத்தான் இறக்கினார்கள். பழைய எண்ணெயை வாளியில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கருகின பேக்கிங் வரமாட்டேன் என்றது. பிளேடு இரண்டு உடைந்தது. சித்தப்பா அரிவாள்மணையைக் கொண்டுவந்து சுரண்டினார். கிருஷ்ணாயில் ஊற்றி ஊறவைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வெயில் ஏறிவிட்டது, பாதிகூடப் போகவில்லை.

அப்போதுதான் அம்மா வந்தாள். அவள் ஊருக்குள் சில வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்று பார்த்தவள், "இன்னா தம்பி, பூனைக்குச் சொறிஞ்சி வுடற மாதிரி சொறிஞ்சிக்கினு இருக்கே?" என்றாள் சித்தப்பாவிடம்.

"அண்ணி, இது கருகினது. ஒங்க சட்டி பானை இல்ல."

"கருகினது எனக்குத் தெரியாதா? டீச்சரம்மா வூட்டுல பொங்க வெச்ச பானைய வந்து பாரு, மூஞ்சி தெரியும். குடு இப்பிடி."

என்னைச் செங்கல் இடிக்கச் சொன்னாள். நல்ல வெந்த கல்லாகத் தேடி, கருங்கல்லில் வைத்து இடித்து, பழைய புடவைத் துணியில் சலித்துக் கொடுத்தேன். தூள் குங்குமம் மாதிரி இருந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். புளி, தேங்காய் நார், செங்கல் தூள். அம்மா சேம்பரைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு காலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். பேக்கிங் ஒட்டியிருந்த விளிம்பைத் தேய்த்தாள். அதோடு விடவில்லை. திருப்பிப் போட்டு உள்ளேயும் தேய்த்தாள். சேம்பருக்குள் எண்ணெய் அலையாமல் இருக்க ஒரு தடுப்புத் தகரம் இருக்கும். அதன் பின்னால் கை போகாது. அங்கே நாரைக் குச்சியில் சுற்றி விட்டுத் தேய்த்தாள். எஞ்சினின் அடி விளிம்பு பாக்கியிருந்தது. அப்பா மல்லாந்து படுத்துக்கொண்டு அதே நாரை, அதே தூளை வாங்கி மேலே பார்த்துத் தேய்த்தார். தூள் கண்ணில் விழ விழ, "பேஜாரு, பேஜாரு" என்று கத்திக்கொண்டே தேய்த்தார். நாங்கள் சிரித்தோம்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் வைத்தோம். சேம்பர் தாம்பாளம் மாதிரி மின்னியது. சித்தப்பா அதைத் தூக்கிப் பிடித்து மீசையைப் பார்த்துக்கொண்டார். "அண்ணி, ஒங்கள லாரி கம்பெனியிலயே சேத்துவுடலாம்." அம்மா வெட்கப்பட்டாள். பகல் முழுக்க ஊரார் பாத்திரம் தேய்க்கிறவள், தன் வீட்டுக்காரன் தொழிலில் கை வைத்துப் பாராட்டு வாங்கினது அன்றைக்கு மட்டும்தான்.

அரக்குக் கோந்து தடவிப் புதுப் பேக்கிங் வைத்து இறுக்கினார்கள். மறுநாள் காலை, காருக்கு அடியில் விரித்து வைத்திருந்த செய்தித்தாளை அப்பா இழுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. உள்ளங்கையால் தாள் முழுக்கத் தடவிப் பார்த்தார். பிறகு முகம் வழித்துக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காரை நேரே மண்டி வாசலுக்கு ஓட்டிப்போனார். முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாராம்.

"பரவால்லியே" என்றாராம்.

அந்த ஒரு சொல்லை அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது திரும்பத் திரும்பச் சொன்னார்.

புதன்கிழமை மாப்பிள்ளையை அழைக்க விழுப்புரம் போனோம். மாலைக் கூடையை மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். திரும்பும்போது பின்சீட்டில் மாப்பிள்ளை, அவர் தங்கை, அவர் மாமா. சம்பங்கி வாசனை தலையைச் சுற்றியது. அப்பா கண்ணாடியில் மாப்பிள்ளையை ஒருதரம் பார்ப்பார், ரோட்டை ஒருதரம் பார்ப்பார். கல்யாணமே தன் கையில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது எஞ்சினிலிருந்து ஒரு சத்தம். உலக்கையால் உரலின் ஓரத்தில் இடிப்பது மாதிரி. அப்பா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். சத்தம் குறையவில்லை. எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் கீழே விழுந்துகிடந்தது. கூட்டுரோட்டு டீக்கடைக்கு முன்னால் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. பிறகு அசையவே இல்லை.

"காராய்யா இது, நெல்லு மிஷினா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

கூட்டம் சேர்ந்தது. அப்பா குனிந்து அடியில் பார்த்தார். அங்கே ஒரு சொட்டுக்கூடச் சொட்டவில்லை. அந்த வெயிலில், பட்டுச் சட்டை முதுகில் ஒட்ட, மாப்பிள்ளை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன். எனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார். விழுப்புரம் பக்கமிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த மண்டி லாரியைக் கடைசியில் யாரோ கைகாட்டி நிறுத்தினார்கள். மாப்பிள்ளை தன் மாமனாருடைய மல்லாட்டை லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மாப்பிள்ளை அழைப்புக்குப் போனார். ஏறும்போது வேட்டி தடுக்காமல் இருக்க அப்பா அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். தங்கையும் மாமாவும் பஸ் ஏறினார்கள்.

எங்கள் காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். காரைத் தெருவில் விட்டுவிட்டு அப்பா என்னோடு மண்டிக்குப் போனார். சீரியல் விளக்கு போட்டிருந்தார்கள். மேளக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா சிமெண்டு வாசலில் ஏறாமல் ஓரத்தில் கைகட்டி நின்றார்.

"ஒழுகலன்னியே?"

"ஒழுகலைங்க மொதலாளி."

"ஒழுகாம இருந்தா போதுமாய்யா? சம்பந்தி வூட்டுக்காரன் எம் மூஞ்சியில காறித் துப்பாத கொறை. யாரு எஞ்சின்ல கை வெச்சது?"

அப்பா வாசலில் கறை வெளுத்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "மெக்கானிக்தாங்க" என்றார்.

"நம்ம லாரி பாக்கிறானே, அவனா?"

"ஆமாங்க. அவன்தாங்க பிரிச்சி மாட்டினான்."

முதலாளி கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து லாரிய அங்க வுடாத. ஹைவேஸ்ல புதுசா ஒர்க் ஷாப் வெச்சிருக்கானே, அங்க வுடு."

மெக்கானிக் அண்ணன் எப்போது வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. நான் செங்கல் தேடப் போன நேரத்தில் வந்துவிட்டுப் போயிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். அப்பா சொன்னால் அது நடந்திருக்கும் என்றுதான் அந்த வயதில் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மெக்கானிக் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கணக்குப்பிள்ளை அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. ஸ்பேனர் பையோடு வந்திருந்தார்.

"அண்ணே, ஊர்லயே இல்லாதவன் எப்பிடிண்ணே பிரிச்சேன்?"

"இரு, சொல்றேன். கோவப்படாத" என்றார் அப்பா.

மெக்கானிக் அண்ணன் காத்திருக்கவில்லை. காருக்கு அடியில் நுழைந்து அடி நட்டைத் திறந்தார். எண்ணெய் மீன் குழம்பு நிறத்தில் இறங்கியது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு சேம்பரை இறக்கினார். எண்ணெய் உறிஞ்சுகிற குழாயின் சல்லடையில் செஞ்சேறு அப்பியிருந்தது. அதிலிருந்து எதையோ நகத்தால் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாது இது?"

அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். "தேங்கா நாரு" என்றாள். தெரிந்த பொருளைக் காட்டிக் கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்வதுபோல.

"இந்தச் செவப்பு?"

"செங்கல் தூளு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, பாத்திரமா இருந்தா கழுவி ஊத்திடலாம். இதுல எண்ணெ சுத்திக்கினே இருக்கும். ஒரு மூலையில துளி தூளு இருந்தாலும் அதோட சேந்து சுத்தி, பேரிங்கெல்லாம் தின்னுட்டுத்தான் நிக்கும்." அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அப்பாவைப் பார்க்காமல் போய்விட்டார்.

அம்மா அப்பாவிடம் திரும்பினாள். "மெக்கானிக் செஞ்சாருன்னா மண்டியில சொல்லிட்டு வந்தே?"

அப்பா கிழிந்த சீட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நான் தேய்ச்சேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பொம்பளைய வுட்டுப் புளி போட்டு எஞ்சின தேய்ச்சேன்னு எப்பிடிடி சொல்றது? ஸ்டாண்டே சிரிக்கும்."

"ஒன்னப் பாத்து சிரிக்கக் கூடாதுன்னு அவரு வயித்துல அடிப்பியா?"

அப்பா அவளைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னார் என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவாள். எனக்கும் அப்படி நினைக்க ஆசைதான். ஆனால் அவர் சொன்ன காரணத்தை என் காதால் கேட்டேன்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனாள். கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் இன்னும் வாடாமல் நின்றது. முதலாளியிடம் சொன்னாள்: "மெக்கானிக் ஊர்லயே இல்லீங்க. நான்தாங்க தேய்ச்சேன். செங்கல் தூளு போட்டு."

முதலாளிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் சிரித்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இந்தம்மா சொல்றதக் கேளு. மறுபடி சொல்லும்மா" என்றார். அம்மா மறுபடியும் முழுசாகச் சொன்னாள். மூட்டை தைக்கிற பெண்களும் வந்தார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் 'மெக்கானிக் ஊர்லயே இல்லீங்க' என்பதில்தான் ஆரம்பித்தாள். அதை யாரும் கேட்டமாதிரித் தெரியவில்லை. புளியைத்தான் கேட்டார்கள்.

"லாரிய திரும்பி அவருகிட்டயே வுடுங்க மொதலாளி."

"அத அப்பறம் பாக்கலாம் போம்மா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

லாரி திரும்பவில்லை. சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டுக்குச் சேதி போய்விட்டது. அப்பாவுக்குப் 'புளி டிரைவர்' என்று பேர் விழுந்தது. எவ்வளவோ பேச்சுக்குப் பதில் பேச்சு வைத்திருந்தவர் ஸ்டாண்டுப் பக்கம் போவதையே விட்டார். மறுபடியும் அடுத்தவர் லாரி ஏறினார். அம்மாவோடு அவர் சரியாகப் பேச ரொம்ப நாளாயிற்று. 'என் மானத்த வாங்கிட்டா' என்று சித்தப்பாவிடம் சொல்லுவார். மெக்கானிக் அண்ணன் அடுத்த பொங்கலுக்குள் கொட்டகையைப் பிரித்துத் தகரத்தை விற்றுவிட்டு விழுப்புரத்தில் வேறொருவர் கடையில் கூலிக்குச் சேர்ந்தார்.

நான் விழுப்புரத்தில் காலேஜ் படித்தபோது அவரை அங்கே பார்த்தேன். அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டார். கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு, "டேய், எஞ்சினுக்குப் புளி போட்டுத் தேய்ச்ச கதை சொன்னேனே, அவுங்க புள்ளைடா இது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கதையில் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருந்தது போலிருக்கிறது, புதன்கிழமை ராத்திரி மண்டி வாசலில் அப்பா சொன்னது இல்லை.

"அப்பா எப்பிடி இருக்காரு?"

"நல்லா இருக்காருண்ணே."

"கேட்டேன்னு சொல்லு."

வீட்டுக்குப் போனபோது சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவன் கை நல்ல கை" என்றார். ஒருநாள் விழுப்புரம் வந்து அவரைப் பார்க்கலாமே என்றேன். மோர் கேட்டார்.

கார் ஒரு மழைக்காலம் முழுக்கப் புளியமரத்தடியில் நின்றது. பிறகு அதை எடைக்குப் போட்டார்கள். மெக்கானிக் அண்ணனுக்கு எவ்வளவு போயிற்று என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்கு எவ்வளவு போயிற்று என்பதை மட்டும், வந்த விருந்தாளி எல்லோரிடமும், நாங்கள்தான் ஏமாந்தவர்கள் என்பது போன்ற குரலில் அப்பா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். காருக்குப் போட்டதில் எடைக்கு வந்தது போக, டிராக்டர் வாடகையும் சேர்த்து, பதினோராயிரத்து நானூறு ரூபாய்.